நகராட்சிக் கட்டடங்களில் ஒரே தொட்டி வேண்டாம்: நகர்மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

நகர்மன்றத் தலைவர், துணைத் தலைவர், உறுப்பினர்கள், ஆணையர், நகர்நல அலுவலர் ஆகியோரின் பார்வைக்கு.

நகராட்சிக்குச் சொந்தமான கட்டடங்களில் காகிதம், அட்டை, பாட்டில் போன்ற உலர்கழிவைத் தனியாக எடுப்பதை நிறுத்திவிட்டு, எல்லாக் குப்பையையும் ஒரே தொட்டியில் போட்டு ஒரே வண்டியில் ஏற்றுவது என்று சென்ற கூட்டத்தில் தீர்மானம் போட்டிருக்கிறீர்கள். உலர்கழிவுக்கு நீலத் தொட்டி வைத்தும் ஊழியர்கள் பிரித்துப் போடவில்லை, இரண்டு முறை எடுப்பது வீண்செலவு, எப்படியும் வள மீட்பு மையத்தில் பிரித்துக்கொள்ளலாம் என்று மூன்று காரணங்கள் சொல்லப்பட்டன. அந்தத் தொட்டிகளிலிருந்து கழிவை எடுத்து, தரம் பிரித்து, எடைபோட்டு அனுப்பும் வேலையைச் செய்பவர்கள் நாங்கள். மூன்று காரணங்களும் தவறு. மூன்றாவதுதான் அதிகக் கெடுதல் செய்யும், அதிலிருந்தே தொடங்குகிறோம்.

வீட்டுக் குப்பையும் அலுவலகக் குப்பையும் ஒன்றல்ல. வீட்டில் மக்காத குப்பை என்றால் பெரும்பாலும் பால் கவர், எண்ணெய் பாக்கெட், ஷாம்பு சாஷே, பாட்டில். சாம்பாரில் நனைந்தாலும் அவற்றைக் கழுவி எடுத்துவிடலாம். அலுவலகத்தில் சேர்வது காகிதம். காகிதத்தைக் கழுவ முடியாது. ஈரம் பட்டால் ஒட்டிக்கொள்ளும், இரண்டு மூன்று நாளில் பூசணம் பிடிக்கும். எண்ணெய் பட்டால் ஆலையில் கூழாக்கினாலும் அந்த எண்ணெய் தண்ணீரோடு பிரிந்து போகாது. கலந்த குப்பையை அமுக்கும் வண்டியில் ஏற்றினால் ஈரக்குப்பையின் சாறு முழுவதும் காகிதத்தில்தான் இறங்கும். வள மீட்பு மையத்தில் எத்தனை பேரை உட்கார வைத்தாலும் பாட்டிலும் தகரமும் கிடைக்கும், காகிதம் கிடைக்காது. கலந்த பிறகு காப்பாற்றவே முடியாத பொருள்தான் உங்கள் அலுவலகத்தில் அதிகம் சேர்கிறது. ஒரே தொட்டி முறை வேறு எந்த இடத்தையும் விட அரசு அலுவலகத்துக்குத்தான் கொஞ்சமும் பொருந்தாது.

எவ்வளவு காகிதம் என்று கேட்டால் உங்கள் இருப்புப் பதிவேடே சொல்லும். 75 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 75 கிராம்) ஏ4 தாள் ஒன்றின் எடை ஏறத்தாழ 4.7 கிராம். 500 தாள் கொண்ட ஒரு ரீம் 2.3 கிலோவுக்குச் சற்று மேல். மாதம் 40 ரீம் வாங்கும் அலுவலகத்துக்குள் சுமார் 94 கிலோ வெள்ளைத் தாள் நுழைகிறது. அதில் ஒரு பகுதி கோப்பில் தங்கும், ஒரு பகுதி நோட்டீசாகவும் சான்றிதழாகவும் வெளியே போகும். மீதி தவறாக அச்சானது, கூடுதலாக எடுத்த நகல், கூட்டம் முடிந்ததும் மேசையில் விட்டுச் செல்லும் கூட்டப்பொருள் (அஜெண்டா) பிரதி. இவற்றுடன் பொதுமக்கள் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போகும் ஜெராக்ஸ், தபால் உறைகள், அட்டைப்பெட்டிகள். இவை அனைத்தும் சந்தையில் விலை உள்ளவை. கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் இருக்கும் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்தில் பழைய தாளிலிருந்து மை நீக்கிக் கூழ் எடுக்கும் பிரிவே இருக்கிறது. இந்தத் தாளைக் குப்பைக் கிடங்குக்கு அனுப்பினால் அங்கே காற்றில்லாமல் மக்கி மீத்தேனாகும், கோடையில் தீக்கு விறகாகும். 2022 ஏப்ரலில் பெருங்குடியும் 2024 ஏப்ரலில் வெள்ளலூரும் பற்றி எரிந்து நாள்கணக்கில் புகைந்ததை யாரும் மறந்திருக்க முடியாது.

சட்டத்தைச் சுருக்கமாக நினைவுபடுத்துகிறோம். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே இதில் தெளிவாக இருந்தன. உருவாகும் இடத்திலேயே பிரிக்கும் கடமை ஒவ்வொருவருக்கும் உண்டு. நாளொன்றுக்குச் சராசரியாக 100 கிலோவுக்கு மேல் கழிவு உண்டாக்கும் கட்டடங்கள் பெருமளவு கழிவு உருவாக்குவோர் என்று வரையறுக்கப்பட்டன. அந்த வரையறையில் உள்ளாட்சி அமைப்புகளின் கட்டடங்களும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருந்தன. பிரித்துத் தராத கடைக்கு அபராதச் சீட்டு எழுதுவது நீங்கள். தினமும் காலையில் தெருத்தெருவாக வண்டி அனுப்பி, மக்கும் குப்பை தனி, மக்காத குப்பை தனி என்று ஒலிபெருக்கியில் சொல்ல வைப்பதும் நீங்கள். உங்கள் அலுவலகத்துப் பின்வாசலிலேயே கலந்த குப்பை ஏறினால், நாளை ஒரு தூய்மைப் பணியாளர் எந்த முகத்தோடு ஒரு வீட்டு வாசலில் நின்று "பிரிச்சுக் குடுங்கம்மா" என்று கேட்பார்?

இனி, ஊழியர்கள் பிரிப்பதில்லை என்ற குற்றச்சாட்டு. மாலை நான்கு மணிக்கு முதல் மாடி வரிவசூல் பிரிவு வாசலில் இருக்கும் நீலத் தொட்டியின் கறுப்புப் பையைத் தரையில் கொட்டிப் பாருங்கள். மேலே பத்துப் பதினைந்து தேநீர்க் குவளைகள், ஒன்றுக்குள் ஒன்று செருகி. அடிக்குவளையில் இன்னும் அரை வாய் தேநீர். அதற்குக் கீழே நல்ல வெள்ளைத் தாள்கள், ஓரம் பழுப்பேறி ஒன்றோடொன்று ஒட்டியபடி. நடுவே வடை மடித்த எண்ணெய்த் தாள், மூடி திறக்காத தண்ணீர் பாட்டில், வாழைப்பழத் தோல். அடியில் மூன்று விரற்கடை பழுப்பு நீர். பை முழுக்க மக்களும் ஊழியர்களும் போட்ட காகிதம்தான். அதைக் கெடுத்தது ஐந்தாறு குவளைத் தேநீர். பிரித்துப் போட்ட கைகளைப் பார்க்காமல், பை கெட்டதை மட்டும் பார்த்துப் பழி சுமத்தியிருக்கிறீர்கள்.

அந்தத் தேநீர் ஏன் அந்தத் தொட்டிக்கு வந்தது? அதன் பக்கத்தில் வேறு தொட்டி இல்லை. வராந்தாவில் நீலம் ஒரு முனையில், ஈரக்குப்பைக்கான பச்சை மறுமுனையில் கழிப்பறைப் பக்கம். கையில் குவளையோடு நிற்பவர் நாற்பது அடி நடக்க மாட்டார். நடக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் சரியல்ல. தனியாக நிற்கும் தொட்டி என்ன நிறத்தில் இருந்தாலும் குப்பைத்தொட்டிதான். இரண்டும் ஒட்டி நிற்க வேண்டும், இல்லையென்றால் அந்த இடத்தில் எதுவுமே இருக்கக் கூடாது. தொட்டி குறைந்தால் பிரிப்பு கூடும் என்பது கேட்க விசித்திரமாக இருக்கலாம். களத்தில் அதுதான் நடக்கிறது. ஒவ்வொரு மேசைக்கு அடியிலும் இருக்கும் சின்னக் கூடையை எடுத்துவிட்டு, தளத்துக்கு இரண்டு இடங்களில் ஜோடித் தொட்டி வைத்தால் போதும்.

தொட்டியின் வாயும் முக்கியம். அகலமாகத் திறந்த வாய்க்குள் எதுவும் விழும். காகிதத்துக்குக் கிடைமட்டமாக ஒரு பிளவு, பாட்டிலுக்கு வட்டத் துளை என்று மூடியில் வெட்டினால் கை தானாகவே நின்று யோசிக்கும். மூடியில் 'மறுசுழற்சி' என்று எழுதுவதைவிட, இந்த அலுவலகத்தில் உண்மையில் விழும் பொருள்களின் படத்தை ஒட்டுவது நல்லது: இதே தாள், இதே உறை, இதே பாட்டில்.

அச்சு இயந்திரத்துக்கும் ஜெராக்ஸ் இயந்திரத்துக்கும் தொட்டியே தேவையில்லை. ஏ4 தாள் வந்த அட்டைப்பெட்டி போதும். அதைத் தரையில் வைக்காமல் இயந்திரத்தின் பக்கத்தில், மேசை உயரத்தில் வையுங்கள். தரையில் இருப்பதெல்லாம் பெருக்க வருபவருக்குக் குப்பை. மேசைமேல் இருப்பது காகிதம். அட்டைப்பெட்டிக்குள் தேநீரை ஊற்ற யாருக்கும் மனம் வராது. ஒரு பைசா செலவில்லாத இந்த ஏற்பாடு நடந்த பிரிவுகளிலிருந்து வரும் தாள் கட்டு, கடையிலிருந்து வாங்கியது போலச் சுத்தமாக வருகிறது.

தேநீருக்கு நேர்வழி, குவளையை ஒழிப்பது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்ட ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களில் பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் குவளையும் உண்டு. அந்தத் தடையை அமல்படுத்த வேண்டிய அலுவலகத்துக்குள் அதே குவளையில் தேநீர் வருவது சரியல்ல. பூச்சு இருப்பதால் அந்தக் குவளை காகிதத்தோடும் சேராது, பிளாஸ்டிக்கோடும் சேராது. ஒவ்வொரு பிரிவுக்கும் எவர்சில்வர் டம்ளர்கள், கழுவ ஒரு தொட்டி, தேநீர் கொண்டுவரும் கடைக்காரருக்கு ஒரே ஒரு நிபந்தனை, இவ்வளவுதான். பொதுமக்கள் வெளியிலிருந்து வாங்கி வரும் பானங்களுக்கு, ஜோடித் தொட்டிக்குப் பக்கத்தில் வடிகட்டித் தட்டு போட்ட ஒரு வாளி வைத்தால் மிச்சம் அதில் இறங்கிவிடும்.

ஆனால் தொட்டியையும் தேநீரையும் விட ஒரு காரணம் பெரிது. காலையில் பெருக்க வருகிறவர் நீலப் பையையும் பச்சைப் பையையும் கட்டி, ஒரே தள்ளுவண்டியில் அடுக்கி, கீழே நிற்கும் ஒரே டிராக்டரில் ஏற்றுகிறார். ஜன்னலருகே உட்கார்ந்திருக்கும் உதவியாளர் அதைப் பார்க்கிறார். அன்றோடு அவர் பிரிப்பதை விட்டுவிடுகிறார். அவரைக் குறைசொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. தள்ளுவண்டிக்காரரையும் குறைசொல்ல முடியாது. அவருக்குக் கொடுத்தது ஒரு வண்டி, கறுப்புப் பைகள் ஒரே மாதிரி, வெளியே இருந்து பார்த்தால் எது எதுவென்று தெரியாது. தொட்டிகளை வாங்கிய நாம் தொட்டிக்குப் பின்னால் உள்ள வழியை அமைக்கவில்லை. தோற்றது அந்த வழி.

வழி எப்படி இருக்க வேண்டும்? ஈரக்கழிவு தினமும், மதிய உணவு முடிந்து இரண்டு மணிக்குள் கட்டடத்தை விட்டு வெளியேற வேண்டும். உலர்கழிவு வாரத்தில் இரண்டு நாள் போதும். அதை அலுவலக நேரத்தில், பிற்பகல் மூன்றரை மணி அளவில், எல்லார் கண்ணெதிரிலும், நீல வண்ணம் அடித்த தனித் தள்ளுவண்டியில் எடுக்க வேண்டும். நீலத் தொட்டிக்குக் கறுப்புப் பை கூடவே கூடாது. நனைய ஒன்றும் இல்லாத தொட்டிக்குப் பையே வேண்டாம். கட்டாயம் வேண்டுமென்றால் உள்ளே இருப்பது தெரியும் சாக்கு. குறைதீர்க்கும் நாளன்று கூட்டம் அதிகம், அதற்கு மறுநாள் ஒரு எடுப்பு கண்டிப்பாக வேண்டும். ஏப்ரல், அக்டோபர் மாதங்களில் சொத்துவரியை முதல் 30 நாளுக்குள் கட்டினால் கிடைக்கும் 5 சதவீத ஊக்கத்தொகைக்காக வசூல் மையத்தில் வரிசை நீளும். அந்த இரண்டு மாதங்களுக்கும் வாரம் மூன்று முறை. மற்றபடி இரண்டு. இரட்டைச் செலவு என்று சொன்ன இரண்டாவது காரணத்துக்கும் இதுவே பதில். வாரத்தில் இரண்டு பிற்பகல், ஒரு பேட்டரி வண்டி, மைய அலுவலகத்தில் தொடங்கி நூலகம், பள்ளிகள், சுகாதார நிலையம், சமுதாயக் கூடம் வழியாக ஒரே சுற்று. புதிதாக ஆள் எடுக்க வேண்டியதில்லை.

எதை எதோடு சேர்க்கலாம் என்பதில் ஊழியர்களுக்கு நிறையக் குழப்பம் இருக்கிறது. சிலர் ஸ்டேப்ளர் பின்னை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருக்கிறார்கள். அது தேவையே இல்லை, ஆலையில் சல்லடை பிடித்துவிடும். எடுக்க வேண்டியவை பெரிய கிளிப், சுருள் கம்பி, கோப்பு டேக், ரெக்சின் அட்டை. காகிதத்தோடு சேரவே கூடாதவை கார்பன் தாள், லேமினேட் செய்தது, ஸ்டிக்கர் தாள், டோக்கன் இயந்திரமும் ரசீது இயந்திரமும் தள்ளும் வழவழப்பான வெப்பத்தாள். ஸ்டிக்கரின் பசை கூழில் கரையாமல் உருண்டு, புதுத் தாளில் புள்ளியாக நிற்கும். வெள்ளைத் தாள் ஒரு கட்டு, வண்ணத் தாளும் உறையும் செய்தித்தாளும் ஒரு கட்டு, அட்டை ஒரு கட்டு. இந்த மூன்றையும் கலந்தால் கடைக்காரர் கலவை விலைதான் தருவார், அதாவது மூன்றில் மிகக் குறைந்த விலை. கட்டு 15 முதல் 20 கிலோவுக்குள் இருக்கட்டும், ஒருவர் முதுகு பிடிக்காமல் தூக்க. சணல் கயிறு போதும். பாட்டிலைக் காலி செய்து, நசுக்கி, மூடியைத் திரும்பப் போடலாம். ஒரு லிட்டர் வெறும் பாட்டில் 30 கிராம்கூட இருக்காது. பாதித் தண்ணீரோடு வந்தால் அரைக் கிலோ. அந்த ஒரு பாட்டில் சாக்கில் உடைந்தால் மொத்தச் சாக்கும் போச்சு.

சேர்த்து வைக்கும் இடம் பற்றி வற்புறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இப்போது மாடிப்படிக்குக் கீழே, யூபிஎஸ் பேட்டரிக்கும் மின்பலகைக்கும் பக்கத்தில் காகிதச் சாக்குகள் கிடக்கின்றன. ஒரு தீப்பொறி போதும். மேலே இருப்பவர்கள் இறங்க உள்ள ஒரே வழியும் அந்தப் படிக்கட்டுதான். கழிவைப் பிரிப்பது பற்றி உங்களுக்கு வேறு கருத்து இருக்கலாம், ஆனால் இதை இன்றே அகற்றுங்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடியில் தரைத்தளத்தில் ஓர் அறை, கம்பிவலை அடித்த ஜன்னல், தரையிலிருந்து ஆறு அங்குலம் உயர்த்திய மரப்பலகை, வாசலில் ஒரு தீயணைப்பான். பலகை இல்லாமல் தரையில் அடுக்கினால் ஐப்பசி மழையில் கீழ் வரிசை ஊறும், கோடையில் கரையான் ஏறும். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி அடுக்குவது எலியைப் பார்க்கவும் பெருக்கவும்.

பணத்துக்கு வருகிறோம். இந்த வேலை நின்றுபோவதற்கு யாரும் வெளியே சொல்லாத காரணம் பணம்தான், அதுவும் கொஞ்சப் பணம் என்பதுதான் சிக்கல். அலுவலகத்தின் பழைய தாள் நகராட்சியின் சொத்து. விற்றால் விலைப்புள்ளி வாங்க வேண்டும், ரசீது போட வேண்டும், பொதுநிதியில் கட்ட வேண்டும். சில நூறு ரூபாய்க்கு இவ்வளவு வேலை ஏன் என்று மேலாளர் தள்ளிப்போடுவார். தள்ளிப்போட்டது அறையில் குவியும். குவிந்தது நனையும். நனைந்தது குப்பை வண்டியில் போகும். யாராவது துணிந்து எடைக்குப் போட்டு, வந்த பணத்தில் அலுவலகத்துக்குத் துடைப்பமும் பினாயிலும் வாங்கினால், உள்ளாட்சி நிதித் தணிக்கையில் ஒரு தடைக் குறிப்பு. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் யாரும் தலைவைத்துப் படுக்க மாட்டார்கள். பாட்டிலையும் அட்டையையும் தனியாக எடுத்து வைக்கும் தூய்மைப் பணியாளரைத் திருடரைப் போலப் பார்ப்பதும் இதே குழப்பத்தில் பிறந்ததுதான். அவர் காப்பாற்றியது கிடங்குக்குப் போகவிருந்த பொருளை.

இதற்குத் தீர்வு உங்கள் கையில் இருக்கிறது, ஒரே ஒரு தீர்மானத்தில். பொருள்வாரியாக ஆண்டுக்கு ஒருமுறை விலைப்புள்ளி கோரி, கிலோவுக்கு இவ்வளவு என்று ஆண்டு ஒப்பந்தம் போட்டுவிட்டால் ஒவ்வொரு முறையும் கோப்பு நகர வேண்டியதில்லை. 150 கிலோ கொள்ளும் மின்னணு மேடைத் தராசு ஒன்று, ஆண்டுதோறும் முத்திரையிடப்பட்டதாக. எடை போடும்போது மூன்று பேர்: அலுவலகத்தின் சார்பில் ஒருவர், சேகரிப்பவர், வாங்குபவர். மூன்று பிரதி எடைச்சீட்டு. பதிவேட்டில் தேதி, கட்டடம், பொருள், எடை, விலை, ரசீது எண் என ஆறு கட்டம் போதும். வரும் தொகையில் எவ்வளவு தூய்மைப் பணியாளர்களின் நலனுக்கு என்பதையும் அதே தீர்மானத்தில் எழுதிவிட்டால் தணிக்கைக்கும் பதில் இருக்கும், கையில் எடுப்பவருக்கும் மதிப்பு இருக்கும். வாங்குபவர் எடையைக் குறைப்பதற்குச் சொல்லும் வழக்கமான காரணம் ஈரம். காய்ந்த அறையும் முத்திரைத் தராசும் இருந்தால் அந்தப் பேச்சுக்கு இடமில்லை.

ஒப்பந்ததாரருக்குக் குப்பையின் மொத்த எடைக்குப் பணம் தரும் முறை இருக்கும்வரை, காகிதத்தை வெளியே எடுப்பது அவருக்கு நஷ்டம். அவர் ஒத்துழைக்கவில்லை என்று வருத்தப்படுவதற்கு முன் ஒப்பந்தத்தைத் திருத்துங்கள்.

பதிவறைக் கோப்புகளை இந்தச் சேகரிப்போடு ஒருபோதும் கலக்கக் கூடாது. எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும் என்பதைப் பொறுத்து ஓராண்டு முடிவு, மூன்றாண்டு முடிவு, பத்தாண்டு முடிவு என்று வகைப்படுத்தி வைத்திருப்பவற்றைக் காலம் முடிந்தபின் பட்டியலிட்டு, உரிய ஆணை பெற்று, தனியாகத்தான் அழிக்க வேண்டும். அதைவிட அவசரமான ஆபத்து மனுக்களோடு வரும் ஆதார் நகலும் வங்கிப் புத்தக நகலும். விண்ணப்பத்தில் இணைத்ததற்கு மேல் மிஞ்சிய நகல்கள் நேராகத் தொட்டிக்குப் போகின்றன. அங்கிருந்து எடைக்கடை, அங்கிருந்து பஜ்ஜி மடிக்கும் கடை. ஒருவருடைய ஆதார் எண்ணும் கைப்பேசி எண்ணும் எண்ணெய்க் கறையோடு தெருவில் கிடப்பதை நாங்கள் அனுமதிக்க மாட்டோம். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்று 2023இல் சட்டமே வந்துவிட்டது. இப்படிப்பட்ட தாள்களுக்குப் பிளவு வாயுள்ள பூட்டிய பெட்டி ஒன்று ஒவ்வொரு மையத்திலும் வேண்டும். சாவி மேலாளரிடம், வாரம் ஒருமுறை அவர் முன்னிலையில் துண்டாக்க வேண்டும். எல்லாத் தாளையும் துண்டாக்காதீர்கள். துண்டாக்கினால் நார் குட்டையாகும், கட்டு நிற்காது, விலை இறங்கும்.

மின்னணுக் கழிவு இன்னொரு உலகம். இங்கே இரண்டு வார்த்தை. 2022ஆம் ஆண்டு மின்கழிவு விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. பழைய கணினியையும் அச்சு இயந்திரத்தையும் காயலாங்கடைக்குத் தரக் கூடாது, பதிவுபெற்ற நிறுவனத்திடம்தான் தர வேண்டும், தருவதற்கு முன் வன்தட்டைக் கழற்றி அழிக்க வேண்டும். யூபிஎஸ் பேட்டரியைப் புதிது வாங்கும்போது பழையதைத் திரும்ப எடுக்கும் நிபந்தனையோடு வாங்குங்கள். அதுவரை நிமிர்த்தியே வையுங்கள், முனைகளில் டேப் ஒட்டுங்கள். குழல்விளக்கைத் தொட்டிக்குள் திணிக்க உடைப்பதை இன்றோடு நிறுத்த வேண்டும். உள்ளே பாதரசம். புதிய விளக்கு வந்த அட்டையுறையிலேயே பழையதைச் செருகி நிறுத்தி வைத்தால் போதும். தெருவிளக்கை எல்இடிக்கு மாற்றியபோது கழற்றிய சோடியம் விளக்குகளும் குழல்விளக்குகளும் மின் பிரிவின் கிடங்கில் இன்னும் குவிந்து கிடக்கின்றன, அவற்றுக்கும் இதுவே.

நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு தவறு நடந்துகொண்டிருக்கிறது, தயவுசெய்து கவனியுங்கள். அங்கேயும் மற்றக் கட்டடங்களைப் போலவே நீலத் தொட்டி வைத்திருக்கிறீர்கள். மருத்துவக் கழிவு விதிகளில் நீலம் என்பது கண்ணாடிக் குப்பிகளுக்கான நிறம். மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் நான்குக்கும் அங்கே வேறு பொருள். அட்டைப்பெட்டி இருக்கும் என்று நம்பிக் கையை உள்ளே விடுகிறவரின் விரலை உடைந்த மருந்துக் குப்பி கிழிக்கும். சுகாதார நிலையத்துக்குள் உலர்கழிவுக்குச் சாம்பல் நிறத் தொட்டி வையுங்கள், அதையும் மருந்து கட்டும் அறைக்குள் வைக்க வேண்டாம். பதிவு மேசையிலும் மருந்துக் கிடங்கிலும் மட்டும். மருந்து வந்த அட்டைகள்தான் அங்கே நல்ல சரக்கு.

மகளிர் கழிப்பறைகளில் மூடியுள்ள தனித் தொட்டியும் சுற்றிப் போடத் தாளும் இல்லாததால் நாப்கின்கள் உலர்கழிவுக்குள் வருகின்றன. அவற்றைக் கையால் பிரித்தெடுப்பது பெண்கள். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறோம்.

மத்திய அரசு அலுவலகங்களில் 2021 முதல் ஆண்டுதோறும் அக்டோபர் 2 தொடங்கி 31 வரை பழைய கோப்பும் தட்டுமுட்டுச் சாமானும் அகற்றும் சிறப்பு இயக்கம் நடக்கிறது. தமிழ்நாட்டிலும் 2025இல் தூய்மை இயக்கத்தின் கீழ் அரசு அலுவலகங்களில் சேகரிப்பு முகாம்கள் நடந்தன. நல்லவைதான், வரவேற்கிறோம். தேங்கிய பழையதை அகற்ற அவை உதவும். செவ்வாய்க்கிழமை மாலை தொட்டியில் விழும் தாள் அடுத்த அக்டோபர் வரை காத்திருக்காது. முகாம் நடத்துகிறோமே என்று அன்றாடச் சேகரிப்பை நிறுத்துவது, பொங்கலுக்கு வெள்ளையடிக்கிறோமே என்று வீடு பெருக்காமல் இருப்பது போன்றது.

ஆகவே உங்களிடம் கேட்பவை இவை.

ஒரே தொட்டித் தீர்மானத்தை அடுத்த கூட்டத்தில் ரத்து செய்யுங்கள். அதுவரை அதை நடைமுறைப்படுத்த வேண்டாம் என்று ஆணையர் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். ரத்துக்கு முன் எடைக் கணக்கு வேண்டும் என்று கருதினால், மைய அலுவலகத்தின் குப்பையைத் தொடர்ந்து பத்து வேலை நாள்களுக்கு நான்காகப் பிரித்து எடைபோடுங்கள்: ஈரம், காகிதம், மற்ற உலர்கழிவு, எதற்கும் ஆகாதது. அதில் ஒரு நாள் குறைதீர்க்கும் நாளாகவும் ஒரு நாள் மன்றக் கூட்ட நாளாகவும் இருக்கட்டும். தராசோடு நாங்கள் வருகிறோம். எடைகளை அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.

மாடிப்படிக்குக் கீழே உள்ள சாக்குகளை இந்த வாரமே அகற்றி, தரைத்தளத்தில் ஓர் அறையை ஒதுக்குங்கள். சுகாதார நிலையத்தின் நீலத் தொட்டியையும் இதே வாரத்தில் மாற்றுங்கள். இவை இரண்டுக்கும் தீர்மானம் தேவையில்லை. ஆணையரின் ஒரு குறிப்பு போதும்.

ஆண்டு விலை ஒப்பந்தம், மூன்று பிரதி எடைச்சீட்டு, பொதுநிதியில் வரவு, தூய்மைப் பணியாளர் பங்கு ஆகிய நான்கையும் ஒரே தீர்மானமாகக் கூட்டப்பொருளில் சேருங்கள். குப்பை அகற்றும் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது மொத்த எடைக்குப் பணம் என்ற பிரிவை நீக்கி, ஈரம், உலர் இரண்டையும் தனித்தனியாக எடுத்ததற்கு மட்டும் பணம் என்று எழுதுங்கள்.

ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு பொறுப்பாளரை, அலுவலக ஆணையில் பெயர் குறித்து நியமியுங்கள். பொறுப்பை எல்லார் தலையிலும் போட்டதால்தான் யாரும் கவனிக்காமல் போனது. அவருடைய வேலை இரண்டுதான்: எடுப்பு நாளில் எடைப் பதிவேட்டில் கையெழுத்திடுவது, பை கலந்து வந்தால் எந்தப் பிரிவிலிருந்து என்று அன்றே பார்ப்பது.

நகராட்சி அலுவலகத்துக்குள்ளும் மன்றக் கூடத்துக்குள்ளும் காகிதக் குவளைக்கும் சிறு தண்ணீர் பாட்டிலுக்கும் தடை போடுங்கள், அடுத்த மன்றக் கூட்டத்திலிருந்தே. கூட்டப்பொருளை விரும்பும் உறுப்பினர்களுக்கு மட்டும் அச்சிட்டுத் தந்து, மற்றவர்களுக்குக் கைப்பேசியில் அனுப்புங்கள். அச்சிட்டதை இரு பக்கமும் அச்சிடுங்கள்.

கடைசியாக ஒன்று. தீர்மானத்தை மறுபரிசீலனை செய்வதற்கு முன், உறுப்பினர்களில் ஐந்து பேராவது ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்றரை மணிக்கு மைய அலுவலகத்தின் பின்வாசலுக்கு வர வேண்டும். வரிவசூல் பிரிவின் பையையும், அட்டைப்பெட்டி வைத்திருக்கும் பிரிவின் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் கொட்டிக் காட்டுகிறோம். கையுறை நாங்கள் கொண்டுவருகிறோம்.

இப்படிக்கு,
நகராட்சிக் கட்டடங்களில் உலர்கழிவு சேகரிக்கும் குழுவினர்